பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11: எது முதலில், எது அப்புறம்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவை வரும். இதற்கிடையில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 போடப் போனால், இந்தக் கணினியில் அது இயங்காது என்று திரை சொல்லிவிடுகிறது.

அதைப் பார்த்ததும் புதியவர்கள் பலரும் நேராக, விண்டோஸை நிறுவும் பென் டிரைவ் தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதி வழியில் நின்றுபோகும் நிறுவல்களுக்குக் காரணம் பெரும்பாலும் பென் டிரைவ் அல்ல. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைப் பார்க்காமல் விட்டதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் முன்வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தடை எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால், உங்கள் கணினியில் எது தேறவில்லை என்று காட்டும். அப்படி வரும் தடைகளெல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. மூன்று வகை உண்டு.

முதல் வகை, வசதி இருந்தும் அணைந்து கிடப்பது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தனியாக இருக்க வேண்டும் என்றில்லை. இன்டெல் 6ஆம் தலைமுறை முதலான பல டெஸ்க்டாப்களிலும், முதல் தலைமுறை தொடங்கி ரைசன் கணினிகளிலும் அந்த வேலையைச் செய்யும் வசதி உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பு நிரலில், அது அணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இதைச் சோதிக்காமல் ‘டிபிஎம் இல்லை’ என்று முடிவுகட்டுவது மிகப் பொதுவான பிழை.

இரண்டாம் வகை, தாண்டக்கூடியது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை என்று ஏறத்தாழ அங்கிருந்துதான் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பிராசசர், டிபிஎம் அறவே இல்லாத மதர்போர்டு, செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டுமே திறக்கவிடும் பாதுகாப்பு) இல்லாத பயாஸ் ஆகியவற்றை நிறுவும் நிரல்தான் தடுக்கிறது. நிறுவிய பிறகு விண்டோஸ் ஓடுவதற்கு இவை கட்டாயம் அல்ல. அதனால்தான் சோதனையை விலக்கிவிட்டு நிறுவ முடிகிறது.

மூன்றாம் வகை, தாண்டவே முடியாதது. 24எச்2 என்ற 2024-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-இன் மையப்பகுதியே எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற பிராசசர் கட்டளைகளைப் பயன்படுத்துகிறது. கோர் 2 டுயோ, கோர் 2 குவாட், ஏஎம்டி ஃபெனம் 2 போன்றவற்றில் எஸ்எஸ்இ4.2 கிடையாது. எந்தக் கருவியாலும் அதைச் சேர்க்க முடியாது. நிறுவ முயன்றால் கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

சிபியு-இசட் என்ற இலவசச் செயலியில் பிராசசரின் கட்டளைகள் வரிசையாக வரும். அதில் எஸ்எஸ்இ4.2 இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இல் வந்த முதல் தலைமுறை கோர் ஐ வரிசையிலும், 2011-இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ் வரிசையிலும் அது உண்டு. இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். அந்த வயதுக் கணினிக்கு அது உண்மையிலேயே நல்ல தேர்வு.

ரேம் 4 ஜிபி என்பது காகிதத்தில் உள்ள குறைந்தபட்ச அளவு. 8 ஜிபிக்குக் கீழே போட வேண்டாம் என்பது என் கருத்து. சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஓடும். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

பேக்அப். வெளி டிஸ்க்கில் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் அடுத்த வேலைக்குப் போங்கள். திறந்து பார்க்காத பேக்அப்பை நம்பக் கூடாது. டி டிரைவில் நகலெடுத்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகளாக இருந்தால், அது பேக்அப்பே அல்ல.

லைசென்ஸ். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தில் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடும் பதிப்போடும் சேர்ந்தது. அதே பதிப்பை நிறுவினால் விண்டோஸ் 11 தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 7, 8 சாவி எண்களை வைத்து இலவசமாக மேம்படுத்தும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் மூடிவிட்டது. அவற்றை நம்பி இறங்காதீர்கள்.

பிட்லாக்கர் மீட்புச் சாவி. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. டிஸ்க் அப்படிப் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் டிபிஎம் அமைப்பை மாற்றியவுடன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் உள்ளது போனதுதான். சாவியை வேறு இடத்தில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று. நெட்வொர்க் டிரைவர் (இணைய வன்பொருளை இயக்கும் நிரல்) கோப்பைப் போட்டு வைக்க இன்னொன்று. புதிய விண்டோஸில் இணையம் வேலை செய்யாவிட்டால், டிரைவரைத் தரவிறக்கவும் வழி இருக்காது என்பதால்தான் அந்த இரண்டாவது. கம்பி இணைப்பு இருந்தால் நல்லது. ப்ளூடூத் விசைப்பலகையைத் தவிர்த்துக் கம்பி விசைப்பலகையையே பயன்படுத்துங்கள். பயாஸ் திரையில் ப்ளூடூத் பெரும்பாலும் எழுந்திருக்காது.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் கவனியுங்கள். கணினியை அணைத்துத் திறக்கும்போது தேதி பின்னோக்கிப் போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். மாற்றாமல் விட்டால், அடுத்த படியில் பயாஸில் நீங்கள் செய்யும் மாற்றங்களெல்லாம் ஒருநாள் அழிந்து, விண்டோஸ் திறக்காமல் போகும்.

3. பூட் முறையை (கணினி திறக்கும் முறையை) படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்

தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறங்கள். ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் ‘யுஇஎஃப்ஐ’ (புதிய முறை) அல்லது ‘லெகசி’ (பழைய முறை) என்று இருக்கும். இந்த ஒரு சொல்தான் மேற்கொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

காரணம் இதுதான். யுஇஎஃப்ஐ முறையில் திறக்கும் கணினியில் விண்டோஸுக்கு ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அமைப்பு (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) வேண்டும். லெகசி முறையில் திறப்பதற்கு எம்பிஆர் அமைப்பு வேண்டும். பயாஸ் ஒரு முறையிலும், டிஸ்க் இன்னொரு முறையிலும், பென் டிரைவ் வேறொரு முறையிலும் இருந்தால் நிறுவல் நடக்காது, நடந்தாலும் திறக்காது. இவை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

லெகசி என்று காட்டினால் பதறத் தேவையில்லை. லெகசி முறையிலேயே விண்டோஸ் 11 ஓடும். செக்யூர் பூட் கிடைக்காது, எம்பிஆர் டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. மற்றபடி அன்றாட வேலைக்குத் தடை இல்லை. ஆனால் செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் இல்லாவிட்டால் சில விளையாட்டுகள் திறக்காது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் அப்படித்தான். வீட்டில் யாராவது அதை விளையாடுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐ-க்கு மாற வேண்டுமென்றால் இரண்டு வழி. டிஸ்க்கை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவது எளிது. அழிக்காமல் மாற்ற, விண்டோஸோடு வரும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவி இருக்கிறது. அந்தக் கருவி, டிஸ்க்கில் அதிகபட்சம் மூன்று முதன்மைப் பார்ட்டிஷன்கள் இருந்தால்தான் ஒத்துக்கொள்ளும். லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலும் மறுத்துவிடும். பழைய கணினிகளில் டி, இ என்று பிரித்து வைத்திருப்பவை பலமுறை லாஜிக்கல் பார்ட்டிஷன்களே. கருவியைச் சரிபார்ப்பு நிலையில் மட்டும் முதலில் ஓட்டி, அது சரி என்று சொன்னால் மட்டுமே மாற்றுங்கள்.

4. பயாஸில் தொட வேண்டியதும் தொடக்கூடாததும்

கணினியைத் திறக்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் பயாஸ் வரும். எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படங்கள்தான் உதவும்.

டிபிஎம் வசதி இன்டெல் போர்டில் ‘பிடிடி’ என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரிலும் இருக்கும். அதை இயக்கிச் சேமித்து வெளியே வாருங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’ பக்கத்தில் பதிப்பு 2.0 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பிராசசர் பட்டியலில் இல்லாவிட்டாலும் இதைச் செய்வது வீண் அல்ல. குறியாக்கமும் மேலே சொன்ன விளையாட்டுகளும் இதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

அடுத்து சிஎஸ்எம். பழைய லெகசி முறையைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு இது. செக்யூர் பூட் இயக்க வேண்டுமென்றால் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். டிஸ்க் இன்னும் எம்பிஆராக இருக்கும்போது அதை அணைத்தால் விண்டோஸ் திறக்காது. அணைக்கும் முன் படி 3 முடிந்திருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. யுஇஎஃப்ஐ-க்கான நிரல் இல்லாத கார்டு, சிஎஸ்எம் அணைந்ததும் படமே காட்டாது. திரை கறுப்பாகவே இருக்கும். கணினி கெட்டுவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். மின்கம்பியைப் பிடுங்கி, மதர்போர்டு பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பும், படமும் வந்துவிடும். அத்தகைய கார்டை வைத்துக்கொண்டிருக்கும்வரை சிஎஸ்எம்மை அணைக்காமல் விட்டுவிடுங்கள்.

டிஸ்க் இணைப்புக்கான சாட்டா அமைப்பைத் தொடாதீர்கள். ஏஹெச்சிஐ, ரெய்டு, ஐடிஇ என்று எது இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும். மாற்றினால், இப்போது இருக்கும் விண்டோஸ் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரையில் நின்றுவிடும்.

5. பென் டிரைவ் தயாரித்தல்

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை) மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே எடுங்கள். ‘டிபிஎம் நீக்கப்பட்டது’ என்ற பெயரில் உலவும் ஐஎஸ்ஓக்களை யார் எப்படித் திருத்தினார்கள் என்று அறிய வழியில்லை. உங்கள் கடவுச்சொல்லும் வங்கி வேலையும் அந்த இயங்குதளத்தின் மேல்தான் நடக்கப்போகின்றன.

மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. அமெரிக்க ஆங்கிலம் ஒன்று, சர்வதேச ஆங்கிலம் ஒன்று என இரண்டு இருக்கும். இப்போதைய விண்டோஸில் எது இருக்கிறதோ அதையே எடுங்கள். மாறினால், பிறகு மேம்படுத்தும்போது ‘கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு மங்கிப்போய், அழுத்த முடியாமல் நிற்கும்.

சோதனையை விலக்கும் வேலைக்கு ரூஃபஸ் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துகிறோம். மைக்ரோசாஃப்டின் சொந்த மீடியா கிரியேஷன் டூல் சோதனையை விலக்காது. அதில் தயாரித்த பென் டிரைவ் பழையபடி ‘இயங்காது’ என்றே சொல்லும். ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து 24எச்2-க்கு மேம்படுத்தும்போது வரும் தடையை விலக்கும் வசதி அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது.

ரூஃபஸில் பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுங்கள். வேறு வெளி டிஸ்க் எதுவும் செருகியிருக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தது முழுவதும் அழியும். ஐஎஸ்ஓவின் பக்கத்தில் உள்ள டிக் பொத்தானை அழுத்தினால் ஷா-256 எண் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) வரும். மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த தரவிறக்கம் இங்கேயே பிடிபடும்.

‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ என்ற இடத்தில் படி 3-இல் குறித்ததைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி, லெகசி என்றால் எம்பிஆர். ‘ஸ்டார்ட்’ அழுத்திய பிறகுதான் முக்கியமான சிறு சாளரம் ஒன்று வரும். அதில் 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 தேவைகளை நீக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். பலர் இந்தச் சாளரத்தைப் படிக்காமல் ‘ஓகே’ கொடுத்துவிட்டு, பிறகு தடை நீங்கவில்லையே என்று தேடுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் நிறுவும் தேர்வும் அதே சாளரத்தில் உண்டு. அது பலிக்க வேண்டுமென்றால் நிறுவும்போது இணையக் கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். பிட்லாக்கர் தானாக இயங்குவதைத் தடுக்கும் பெட்டியிலும் டிக் போடுங்கள். மீட்புச் சாவி எங்கே என்று தெரியாமல் டிஸ்க் பூட்டப்படுவது இதனால் தவிரும்.

6. மேம்படுத்துவதா, புதிதாகப் போடுவதா

கணினி சுத்தமாக, வேகமாக ஓடுகிறது, செயலிகளை மறுபடி நிறுவ மனமில்லை என்றால் மேம்படுத்துங்கள். ஏற்கெனவே தடுமாறுகிறது, எஸ்எஸ்டி புதிதாக மாற்றியிருக்கிறீர்கள், அல்லது பூட் முறையை மாற்ற வேண்டும் என்றால் புதிதாகப் போடுங்கள். தடுமாறும் விண்டோஸை மேம்படுத்தினால் அந்தத் தடுமாற்றமும் கூடவே வந்துசேரும்.

7. மேம்படுத்தும் வழி

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைத் திறந்து, அதிலுள்ள ‘செட்டப்’ நிரலைச் சொடுக்குங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்யக் கூடாது. பூட் செய்து நுழைந்தால் செயலிகளை வைத்துக்கொள்ளும் தேர்வே அங்கு கிடையாது. அந்தத் தேர்வைத் தேடிக்கொண்டே ‘நெக்ஸ்ட்’ அழுத்தி டிஸ்க்கை அழித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முன் வெளி நிறுவன ஆன்டிவைரஸை நீக்குங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

முதல் திரையில் புதுப்பிப்புகளை இப்போது தரவிறக்க வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் இறங்கும் புதுப்பிப்பு நிறுவும் நிரலின் கோப்புகளையே மாற்றக்கூடியது. நாம் விலக்கிய சோதனை மறுபடி உள்ளே வர இடம் கொடுக்க வேண்டாம். கடைசித் திரையில் கோப்புகளும் செயலிகளும் வைத்துக்கொள்ளப்படும் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். எழுதவில்லையென்றால் நிறுத்திவிட்டு, மொழியையும் பதிப்பையும் மறுபடி பாருங்கள்.

8. புதிதாகப் போடும் வழி

விண்டோஸ் போகப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற டிஸ்க்குகளின் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால், நிறுவும் நிரல் பூட் பகுதியைச் சில சமயம் மற்ற டிஸ்க்கில் எழுதிவிடும். பிறகு அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றிய நாளில் விண்டோஸ் திறக்காது. தவறான டிஸ்க்கை அழிக்கும் ஆபத்தும் கழற்றி வைத்தால் இல்லை.

பென் டிரைவைப் பின்பக்க யுஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள். பழைய போர்டுகளில் யுஎஸ்பி 3.0 துளைகள் பயாஸுக்குத் தெரியாமல் போவதுண்டு. பூட் மெனு விசை எஃப்8, எஃப்11, எஃப்12, எஸ்கேப் என்று போர்டுக்குப் போர்டு மாறும்.

மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன் ‘யுஇஎஃப்ஐ’ என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ரூஃபஸில் ஜிபிடி கொடுத்திருந்தால் யுஇஎஃப்ஐ உள்ளது, எம்பிஆர் கொடுத்திருந்தால் மற்றது. தவறானதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, இதில் நிறுவ முடியாது என்ற பிழை வரும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து மற்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். முறையை மாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், பேக்அப் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டுக் காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தேவையானவற்றை நிரலே உருவாக்கிக்கொள்ளும்.

சாவி எண் கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் பட்டியலில் முன்பு குறித்த அதே பதிப்பு. ஹோம் லைசென்ஸ் இருக்கும் கணினியில் புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

முதல் ரீஸ்டார்ட்டின்போது எந்த விசையையும் அழுத்த வேண்டாம். அழுத்தினால் மறுபடி பென் டிரைவிலிருந்தே திறந்து முதல் திரைக்கு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால், பென் டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

9. நிறுவிய உடனே

இணையத்தை இணைத்து, ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டை முழுவதும் ஓடவிட்டு, அப்புறம் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போர்டு தயாரிப்பாளர் விண்டோஸ் 10-க்குக் கொடுத்த டிரைவரே பெரும்பாலும் போதும். டிரைவர்களைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் செயலிகள் வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கணினி மந்தமாக இருந்தால் ‘கோர் ஐசொலேஷன்’ பக்கத்தில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இன்டெல் 7ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டியில் ஜென் 2 என்ற பிராசசர் வடிவமைப்பு முதலும் இதற்கான வன்பொருள் உதவி உண்டு. அதற்கு முந்தைய பிராசசர்களில் மென்பொருளே அந்தச் சுமையைத் தாங்குவதால் வேகம் குறைவது கண்கூடாகத் தெரியும். அணைத்தால் வேகம் கூடும். கூடவே ஒரு பாதுகாப்பு அடுக்கும் போகும். கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

மேம்படுத்தியவர்களுக்குப் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பிரிண்டர், ஸ்கேனர், ஒலி, தினமும் தேவைப்படும் செயலிகள் என ஒவ்வொன்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இடம் காலி செய்கிறேன் என்று ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறையை முதல் நாளே அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபடும்.

10. அடுத்த ஆண்டுப் பதிப்பு வரும்போது

தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நடைமுறையில் மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு மட்டும் தானாக வராது. ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான். 24எச்2-க்கு அது 2026 அக்டோபர் 13-உடன் முடிகிறது. நின்றுபோய் ஓர் ஆண்டு கழித்துக் கவனிப்பவர்கள் அதிகம், அதனால் தேதியை எங்காவது குறித்து வையுங்கள்.

புதிய பதிப்பு வந்ததும் அதன் ஐஎஸ்ஓவை எடுத்து, அப்போதைய புதிய ரூஃபஸ் பதிப்பில் பென் டிரைவைப் புதிதாகத் தயாரித்து, படி 7-ஐ மறுபடி செய்யுங்கள். பழைய பென் டிரைவ் இதற்கு உதவாது. தடையை விலக்கும் முறையும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும் என்பதால், வெளிவந்த முதல் வாரத்திலேயே இறங்காமல் சில வாரம் பொறுங்கள். அன்றைக்கும் முதல் வேலை பேக்அப்தான். கணக்கு வழக்கு, பில் போடுவது போன்ற, ஒருநாள் நின்றாலும் நஷ்டம் வரும் வேலைகள் ஓடும் கணினியாக இருந்தால் இந்த வழி வேண்டாம். அதற்கு ஆதரவுப் பட்டியலில் உள்ள கணினியையே வையுங்கள்.